ஸ்கேன் ரிப்போர்ட்டை ஓரமாக வையுங்கள், பச்சரிசியைப் பற்றிப் பேசுவோம்

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். நாங்கள் செக்கானூரணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். என் மகளுக்கு 12 வயது முடிந்துவிட்டது, ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன தை மாதக் கடைசியில் வயதுக்கு வந்தாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒன்றுமே இல்லை. சித்திரையில் வந்தது, ஒன்பது நாள் போனது. நின்று இருபதே நாளில் மறுபடி வந்தது, அதுவும் எட்டு ஒன்பது நாள். அப்புறம் ஐம்பது நாள் காணோம். பயந்துபோய் மதுரையில் ஸ்கேன் எடுத்தோம். இரண்டு பக்கமும் நீர்க்கட்டி என்று சொல்லி மூன்று மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் ஆரம்பிக்கவில்லை. என் மாமியார், பிள்ளைக்குப் பின்னால் குழந்தை தங்காது என்று அழுகிறார். ஸ்கூலில் ஓட்டப் பந்தயத்தில் இருக்கிறாள். ஓடி ஓடித்தான் கர்ப்பப்பை கெட்டது, நிறுத்து என்கிறார். பி.டி. டீச்சரும் முன்பு மாதிரி இவள் ஓடுவதில்லை என்றுதான் சொல்கிறார். வரும் ஐப்பசியில் சடங்கு வைத்திருக்கிறோம். தாய்மாமன் துபாயிலிருந்து வருகிறான். அன்றைக்குத் தூரமாகிவிடக் கூடாது என்பதற்காக மெடிக்கலில் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா? இவள் என்னிடம் எதுவுமே பேசுவதில்லை. எந்நேரமும் பச்சரிசியை அள்ளித் தின்றுகொண்டிருக்கிறாள், கேட்டால் முறைக்கிறாள். கல்யாணத்தன்றைக்கு மழை வரும் என்று பாட்டி திட்டியும் கேட்பதில்லை. மூத்தவன் ஒன்பதாம் வகுப்பு, 14 வயது. மார்பில் கட்டி மாதிரி இருக்கிறது, தொட்டால் வலிக்கிறது என்று ஒருநாள் அழுதான். ஆறு மாதமாகச் சட்டையைக் கழற்றுவதே இல்லை. அதற்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், மதுரை மாவட்டம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் பக்கம் பக்கமாகக் கவலைப்பட்டிருப்பது நீர்க்கட்டிக்கு. போகிற போக்கில் எழுதியிருப்பது மூன்று விஷயங்கள்: ஒன்பது நாள் ரத்தப்போக்கு, முன்பு போல ஓட முடியவில்லை, பச்சரிசி தின்கிறாள். எனக்குக் கவலை இந்த மூன்றின் மேல்தான். வீட்டில் எல்லோரும் தேதியையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எவ்வளவு ரத்தம் போகிறது என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

முதலில் கணக்கைச் சரி செய்வோம். ‘நின்று இருபதே நாளில் வந்தது’ என்கிறீர்கள். பெரும்பாலான தாய்மார்கள் இப்படித்தான், நின்ற நாளிலிருந்து எண்ணுவார்கள். மருத்துவக் கணக்கு அப்படியில்லை. ஒரு தடவை வந்த முதல் நாளிலிருந்து அடுத்த தடவை வருகிற முதல் நாள் வரை எண்ண வேண்டும். ஒன்பது நாள் போய், நின்று, இருபது நாள் கழித்து வந்தால் இடைவெளி 29 நாள். இது வளர்ந்த பெண்களுக்கே நல்ல கணக்கு! ஐம்பது நாள் என்பதையும் இதே மாதிரி எண்ணினால் 58, 59 வரும். அது நீளம்தான். ஆனால் வயதுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளைக்கு அது நோயாகாது.

ஏன் என்று சொல்கிறேன். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சினைப்பைகளுக்கு உத்தரவு போடுகிறது. சினைப்பை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. மார்பு வளர்வது, இடுப்பு அகல்வது, கர்ப்பப்பையின் உள்சவ்வு தடிப்பது எல்லாம் இதன் வேலை. மாதாமாதம் ஒரு முட்டை முதிர்ந்து வெளியே வந்தால்தான் இன்னொரு ஹார்மோனான புரோஜெஸ்ட்ரோன் போதுமான அளவில் சுரக்கும். வளர்ந்த சவ்வை உறுதியாக நிறுத்தி வைப்பது இதுதான். இது குறைகிறபோது சவ்வு மொத்தமாக உதிர்ந்து நாலைந்து நாளில் முடிந்துவிடும். வயதுக்கு வந்த புதிதில் மூளைக்கும் சினைப்பைக்கும் இந்தப் பேச்சுவார்த்தை இன்னும் படியவில்லை. பல மாதங்களில் முட்டை வெளிவருவதே கிடையாது. வரப்புப் போட்ட வயலில் மடையைத் திறந்தால் தண்ணீர் ஒரே சீராக வடிந்துவிடும், வரப்பே இல்லாத வயலில் தேங்கித் தேங்கி அங்கங்கே கசியும் இல்லையா, அந்த மாதிரி. அதனால்தான் இரண்டு மாதம் ஒன்றுமில்லாமல் இருந்து, வருகிறபோது ஒன்பது நாள் விடாமல் போகிறது.

இது சீராக ஒன்றிலிருந்து மூன்று வருடம் ஆகலாம். முதல் வருடம் முழுக்க ஒழுங்கில்லாமல் வருவதை நாங்கள் இயல்பு என்றே எடுத்துக்கொள்கிறோம். ஒரு வருடம் தாண்டியதும் 21 நாளுக்குக் குறையாமலும் 45 நாளுக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும். மூன்று வருடம் தாண்டினால் 21 முதல் 35 நாள். ஒரு வருடத்துக்கு அப்புறம் எப்போதாவது ஒரு தடவை 90 நாளைத் தாண்டினாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இப்போது அந்த ஸ்கேன். 12 வயதுப் பெண்ணின் சினைப்பையை ஸ்கேனில் பார்த்தால் சின்னச் சின்ன நீர்ப்பைகள் வரிசையாகத் தெரியத்தான் செய்யும். அவை முதிராத முட்டைகள் இருக்கும் பைகள். இந்த வயதில் அவை அதிகமாக இருப்பதுதான் இயற்கை. ஒழுங்காக எந்தக் குறையும் இல்லாமல் மாதாமாதம் வருகிற பிள்ளைகளுக்கும் ஸ்கேனில் அப்படியே தெரியும். அதனால்தான் 2018-ல் வெளியான சர்வதேச வழிகாட்டு நெறிகள், ஒரு பெண் வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகும்வரை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் (ஹார்மோன் கோளாறால் வரும், ‘நீர்க்கட்டி நோய்’ என்று ஊரில் சொல்வது) என்று முடிவு கட்டக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்லின. உங்கள் மகளுக்கு அந்தக் கணக்குப்படி கல்லூரி முடிகிற வயதாகிவிடும்!

பிசிஓஎஸ் என்ற நிலை உண்மையில் உண்டு, நான் இல்லை என்று சொல்லவில்லை. இந்த வயதில் அதைச் சந்தேகிக்க இரண்டு விஷயம் சேர்ந்து இருக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கைத் தாண்டிய ஒழுங்கின்மை ஒன்று. ஆண் ஹார்மோன் கூடுதலாக இருப்பதற்கான அடையாளம் இன்னொன்று: தாடையிலும் மேலுதட்டிலும் தொப்புளுக்குக் கீழும் முரட்டு முடி, எதற்கும் அடங்காத பெரிய பெரிய பருக்கள், அல்லது ரத்தப் பரிசோதனையில் அந்த ஹார்மோன் கூடியிருப்பது. எடை கூடி, கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் வெல்வெட் மாதிரி கறுத்துத் தடித்திருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள், அதையும் பார்க்க வேண்டும். நீங்கள் இதில் எதையும் எழுதவில்லை. பிள்ளைக்கு இப்போது ஒரு நோயின் பெயரைச் சூட்ட அவசரம் இல்லை. அந்தப் பெயர் வீட்டிலிருந்து சொந்தக்காரர்களுக்குப் போய், பெண் பார்க்க வரும் நாள் வரைக்கும் கூடவே வரும். பிசிஓஎஸ் உறுதியான பெண்களிலேயே பெரும்பாலானவர்கள் பிள்ளை பெற்றுக்கொள்கிறார்கள். உங்கள் மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: இந்த அழுகைக்கு இப்போது எந்தக் காரணமும் இல்லை.

எழுதிக்கொடுத்த மாத்திரை என்னவென்று நீங்கள் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு என்றால் பெரும்பாலும் ஹார்மோன் மாத்திரையாக இருக்கும். அதைக் கண்டு மிரளவும் வேண்டாம், ரத்தப்போக்கு அதிகமாக இருக்கும் சில பிள்ளைகளுக்கு நாங்களே அதைத்தான் தருகிறோம். அதனால் கர்ப்பப்பை கெடாது. ஆனால் ‘நீர்க்கட்டி கரைய’ என்ற காரணத்துக்காக மட்டும் கொடுக்கப்பட்டிருந்தால், ஆரம்பிக்கும் முன் ஒரு மகளிர் நல மருத்துவர் பிள்ளையை நேரில் பார்க்கட்டும். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் ஆரம்பித்திருந்தால் பாதியில் நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினாலே ரத்தப்போக்கு வரும். அட்டையோடு போய்க் கேளுங்கள்.

சரி, பச்சரிசிக்கு வருவோம்.

அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று நம் பக்கம் சொல்லாத பாட்டி இல்லை. பாட்டிகள் பார்த்தது சரிதான், வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள்தான் அரிசிப் பானையைச் சுற்றி வருவார்கள். காரணம் மழை இல்லை, இரும்புச்சத்து. உடம்பில் இரும்பு குறைந்தால் பச்சரிசி, சாம்பல், மண், சிலேட்டுக் குச்சி, ஐஸ்கட்டி என்று உணவல்லாததன் மேல் ஓர் அடக்க முடியாத ஆசை வரும். அவளுக்கே ஏனென்று தெரியாது, அதனால்தான் கேட்டால் முறைக்கிறாள். இரும்புச்சத்து கொடுத்துச் சில வாரங்களில் அந்த ஆசை தானாக விட்டுப்போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். திட்டி யாரும் நிறுத்தியதாகத் தெரியவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவை மாதவிடாயில் போகும் ரத்தம் சாதாரணமாக 30, 40 மில்லிதான். டீக்கடைச் சின்ன கிளாஸில் பாதிகூட வராது. 80 மில்லியைத் தாண்டினால் அதிகம். ஒன்பது நாள், எட்டு நாள் என்று போனால் இந்த அளவைத் தாண்டியிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. சாதாரணமாக இரண்டிலிருந்து ஏழு நாளில் முடிந்துவிட வேண்டும். மறுபக்கம், வளர்கிற உடம்புக்கும் ரத்தம் வேண்டும், ஓடுகிற உடம்புக்கும் வேண்டும். வரவு குறைவு, செலவு மூன்று பக்கம். ஓட்டத்தில் வேகம் குறைந்தது என்று டீச்சர் சொன்னாரே, ரத்தசோகையின் முதல் அடையாளங்களில் அதுவும் ஒன்று. ஓடியதால் உடம்பு கெடவில்லை, உடம்பில் ரத்தம் குறைந்ததால் ஓட முடியவில்லை.

இதில் உங்கள் பிள்ளை மட்டும் தனியாக இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. வகுப்பில் பாதிக்கு மேல். அதனால்தான் பள்ளியில் வாரம் ஒரு தடவை அந்த நீல நிற இரும்பு மாத்திரையைக் கொடுக்கிறார்கள், வருடத்துக்கு இரண்டு தடவை பூச்சி மாத்திரையும். உங்கள் மகள் அதை விழுங்குகிறாளா, ஜன்னல் வழியாக வெளியே எறிகிறாளா என்று நயமாகக் கேளுங்கள். வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டியதால் எறிகிற பிள்ளைகள் அதிகம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

முதலில் செய்ய வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனை. உசிலம்பட்டி அரசு மருத்துவமனையிலோ, மதுரைப் பெரியாஸ்பத்திரியிலோ, ஏன், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயேகூட ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம். அவள் வயதுக்கு 12 கிராம் இருக்க வேண்டும், அதற்குக் கீழே என்றால் ரத்தசோகை. எட்டுக்குக் கீழே என்றால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். முடிந்தால் முழு ரத்த அணு எண்ணிக்கை, இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு இந்த மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். ஹீமோகுளோபின் 12 இருந்தும் ஃபெரிட்டின் தரைமட்டத்தில் இருக்கிற பிள்ளைகள் உண்டு.

டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது இன்னொன்று. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருமா, அடிக்கடி மூக்கில் ரத்தம் கொட்டுமா, லேசாக இடித்தாலே உடம்பில் நீலம் பாயுமா, பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்கச் சிரமப்பட்டதா? உங்களுக்கோ உங்கள் அக்கா தங்கைகளுக்கோ பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமானதா? ரத்தம் உறைவதில் பிறவியிலேயே குறை இருக்கும் பெண்கள் பலருக்கு அது முதன்முதலில் வெளியே தெரிவது வயதுக்கு வந்த பிறகுதான். இவற்றில் சில வகைகள் சொந்தத்திலேயே பெண் கொடுத்து எடுத்த குடும்பங்களில் கொஞ்சம் கூடுதலாக வரும். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் அத்தை மகன், மாமன் மகள் முறை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் இருந்தால் அதற்கு வைத்தியமே வேறு.

இனிமேல் வருகிறபோது நாப்கின் கணக்கு வையுங்கள். மளிகைக்கடையில் கொடுக்கும் மாதக் காலண்டர் போதும், அவள் அறையில் தொங்கவிடுங்கள். வந்த நாள், நின்ற நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் என்பதை அவளே பேனாவால் குறிக்கட்டும். நாப்கின் குறைவாக ஆனதால் ரத்தம் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பள்ளியில் கழிப்பறை சரியில்லாமல் காலையில் வைத்ததைச் சாயங்காலம் வரை மாற்றாத பிள்ளைகளை எனக்குத் தெரியும். நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். அரசுப் பள்ளியில் புதுயுகம் திட்டத்தில் இலவசமாகவே நாப்கின் தருகிறார்கள், கூச்சப்படாமல் வாங்கச் சொல்லுங்கள். துணி பயன்படுத்தினால் சோப்புப் போட்டு அலசி நல்ல வெயிலில் காயப் போடுங்கள். கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் காயவைப்பதுதான் புண்ணுக்கும் அரிப்புக்கும் காரணம். பிறப்புறுப்பைக் கழுவுவதற்கு வெறும் தண்ணீர் போதும்.

ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், பெரிய கட்டிகளாகப் போனால், எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால், எட்டாவது நாளும் நிற்காவிட்டால் அடுத்த நாள் வரை காத்திருக்க வேண்டாம். ரத்தப்போக்கைக் குறைக்க ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் உண்டு. டாக்டர் பார்த்துத் தருவார்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் உங்கள் பக்கம் நடப்பது எனக்குத் தெரியும்: காலையில் பச்சை முட்டை, மேலே நல்லெண்ணெய், அப்புறம் உளுந்தங்களி. உளுந்தங்களி நல்ல சாப்பாடு, புரதம் இருக்கிறது, பிள்ளைக்குப் பிடித்தால் கொடுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி ரத்தம் ஊறாது. முட்டையை அவித்துக் கொடுங்கள். பச்சை முட்டையில் வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கலாம், அவித்தால் சத்தும் நன்றாகச் சேரும். எண்ணெயை டம்ளரில் ஊற்றிக் குடிக்க வைத்து அந்தப் பிள்ளையை அழவைப்பதில் ஒரு லாபமும் இல்லை.

ரத்தம் ஊற நம் ஊரிலேயே வழி இருக்கிறது. கறிக்கடையில் சுவரொட்டி கிடைக்கும். ஆட்டு மண்ணீரல் அது, இரும்பு அவ்வளவு செறிவாக இருக்கும் உணவு குறைவு. ஈரலும் அப்படியே. மதுரைக்காரர்களுக்கு அதை வதக்கிக் கொடுப்பது எப்படி என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வாரம் ஒரு நாள் போதும். மற்ற நாள்களில் முருங்கைக்கீரை, கம்பு, எள்ளுருண்டை, கொண்டைக்கடலை. கீரை, தானியத்தில் இருக்கும் இரும்பு உடம்பில் லேசில் சேராது. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். ஆனால் ரத்தசோகை வந்துவிட்டால் உணவால் மட்டும் சரிக்கட்ட முடியாது. டாக்டர் தரும் இரும்பு மாத்திரையைத் தினமும் போட வேண்டும், ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் சில மாதம் தொடர வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

தூரமான நாள்களில் அவளைத் தனியாக உட்காரவைக்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது. பேரையூர்ப் பக்கம் சில ஊர்களில் அதற்கென்றே ஊருக்கு வெளியே தனி வீடு வைத்திருந்ததும் நமக்குத் தெரிந்ததுதான். சாமி காரியத்தில் நான் தலையிடவில்லை, உங்கள் வீட்டுப் பூஜையறை உங்கள் விருப்பம். சோற்றில் தலையிடுவேன். அந்த நாள்களில் கறி கூடாது, தயிர் கூடாது என்று சொல்லி, தலைமாட்டில் இரும்பை வைத்துவிட்டுத் தட்டில் இரும்பைக் கொடுக்காமல் இருப்பது என்ன நியாயம்? ரத்தம் போகிற நாளில்தான் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். கறியும் மீனும் தயிரும் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம், குளிக்கலாம், பள்ளிக்கூடம் போகலாம், ஓடலாம்.

ஆமாம், ஓடலாம். ஓடுவதால் கர்ப்பப்பை இறங்காது, நகராது. ரத்தம் ஏறும்வரை பயிற்சியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டும், டீச்சரிடம் நீங்களே சொல்லுங்கள். ஒரு விஷயம் மட்டும் உண்மை: ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாத பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றும் போகும். அதற்கு மருந்து கூடுதலாக ஒரு வேளைச் சாப்பாடு. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓட வேண்டிய பிள்ளையைத் திண்ணையில் உட்காரவைத்தால் மனசுதான் கெடும். வளர்த்தியும் இத்தோடு நின்றுவிடாது. வயதுக்கு வந்த பிறகும் ஐந்திலிருந்து ஏழு சென்டிமீட்டர் வரை உயரலாம்.

சடங்கன்றைக்குத் தள்ளிப்போடும் மாத்திரை வேண்டாம். மெடிக்கலில் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள், சித்திரைத் திருவிழாவுக்கும் முளைப்பாரிக்கும் பெண்கள் வாங்கிப் போடுவது ஊரறிந்த விஷயம். அது புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்து. வரவேண்டிய தேதிக்கு மூன்று நாள் முன்னால் ஆரம்பிக்க வேண்டும். தேதியே இல்லாத பிள்ளைக்கு எதற்கு முன்னால் ஆரம்பிப்பீர்கள்? நிறுத்தியதும் இரண்டு மூன்று நாளில் ரத்தப்போக்கு வரும், ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பில் அது அதிகமாகப் போனால் யார் பதில் சொல்வது? அப்புறம் யோசித்துப் பாருங்கள், வயதுக்கு வந்ததைக் கொண்டாடத்தான் பந்தல் போடுகிறீர்கள். அந்தப் பந்தலில் அது வந்துவிடக் கூடாது என்று மாத்திரையா! வந்தால் வரட்டும், ஒரு நாப்கின் கூடுதலாகக் கையில் இருந்தால் போதும்.

சீர், மொய் எல்லாம் குடும்பக் கணக்கு, அதற்குள் நான் வரவில்லை. ஆனால் பிளெக்ஸ் அடிப்பதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தன் படம் பஸ் ஸ்டாப்பில் நிற்பதை வகுப்புப் பையன்கள் பார்ப்பார்களே என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இருக்கும் கூச்சத்தைப் பெரியவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. அவள் உங்களிடம் பேசாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். மாமன் வருகிறார் என்றதும் சபையில் யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால், சட்டப்படி 18 வயது என்று முதல் ஆளாக நீங்கள் சொல்லிவிடுங்கள். அது அவள் காதில் விழ வேண்டும்.

அவளிடம் என்ன பேசுவது? பெரிய பாடம் எடுக்க வேண்டாம். இரண்டு பேரும் துணி மடிக்கிறபோது, கீரை ஆய்கிறபோது, முகத்தைப் பார்க்காமல் பேசுவது பிள்ளைகளுக்குச் சுலபம். ‘மூத்திரம் போற வழி வேற, ரத்தம் வர்ற வழி வேற’ என்பதிலிருந்தே ஆரம்பியுங்கள். கல்லூரிக்குப் போகும் பெண்களில்கூட இது தெரியாதவர்கள் என்னிடம் வருகிறார்கள். போவது கெட்ட ரத்தம் இல்லை, கர்ப்பப்பை தன் உள்சவ்வைப் புதுப்பித்துக்கொள்கிறது, அந்தக் கர்ப்பப்பை அவள் கைமுட்டி அளவுதான். வெள்ளைப்படுவது இந்த வயதில் சகஜம், உடம்பு உருகிப் போகவில்லை. அரிப்பு, துர்நாற்றம், நிறமாற்றம் இருந்தால் மட்டும் உங்களிடம் சொல்லட்டும். இப்போது வலி இல்லாவிட்டாலும் ஒன்றிரண்டு வருடத்தில் முட்டை ஒழுங்காக வெளிவர ஆரம்பித்ததும் அடிவயிறு வலிக்கலாம், அது கெடுதல் இல்லை என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வெந்நீர் ஒத்தடமும் ஒரு வலி மாத்திரையும் போதும். பள்ளிக்கே போக முடியாத வலி என்றால் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், கூட்டி வாருங்கள்.

குழந்தை எப்படி உண்டாகிறது என்பதையும் நேராகவே சொல்லிவிடுங்கள். இனி அவள் உடம்பு அதற்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது, அது அவளுக்குத் தெரிய வேண்டும். யார் தப்பாகத் தொட்டாலும், அது சொந்தக்காரரே என்றாலும், உங்களிடம் சொன்னால் திட்டு விழாது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்களிடம் சொல்ல முடியாவிட்டால் 1098 என்ற எண் இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

கடைசியாக மூத்தவன். பருவ வயதில் ஏறக்குறைய பாதிப் பையன்களுக்கு மார்புக் காம்புக்கு அடியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்து வலிக்கும். பையன்கள் உடம்பிலும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது, ஆண் ஹார்மோன் முழு வேகம் பிடிக்கும்வரை அது தன் வேலையைக் காட்டும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானே அமுங்கிவிடும். புற்றும் இல்லை, பெண் தன்மையும் இல்லை. கிண்டல் பண்ண வேண்டாம் என்று தங்கச்சியிடமும் சொல்லி வையுங்கள். வேகமாகப் பெரிதானாலோ, காம்பில் ஏதாவது கசிந்தாலோ காட்டுங்கள். தூக்கத்தில் விந்து வெளியாவதும் இதே வயதில் ஆரம்பிக்கும். அதனால் ரத்தம் வற்றாது, நரம்பு தளராது. லாட்ஜில் அறை எடுத்து மாதத்துக்கு ஒருநாள் ‘வாலிப வயோதிக அன்பர்களே’ என்று அழைக்கும் வைத்தியர்களிடம் அவன் காசைக் கொண்டுபோய்க் கொடுக்கும் முன், அப்பாவோ சித்தப்பாவோ இதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்படியே இன்னொன்றும் சொல்லச் சொல்லுங்கள். திடீரென்று ஒரு பக்க விரையில் தாங்க முடியாத வலி வந்தால், வாந்தியும் சேர்ந்தால், நடுராத்திரி என்றாலும் கூச்சப்படாமல் எழுப்ப வேண்டும். விரை முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றிருக்கலாம், ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் காப்பாற்றிவிடலாம். வெட்கப்பட்டு விடியும்வரை காத்திருந்து ஒரு விரையை இழக்கும் பையன்கள் உண்டு.

மகளைக் கூட்டிப் போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட், மாத்திரை அட்டை, இதுவரை வந்த தேதிகள் மூன்றையும் எடுத்துப் போங்கள். டாக்டர் கேட்கும் கேள்விகளுக்கு முதலில் அவள் பதில் சொல்லட்டும், விட்டுப்போனதை மட்டும் நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள்.